தலையாட்டாதவர்களின் கம்பெனி

பெங்களூர் அல்சூரில் பெயின்ட் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிற சமபாலு புக்ஸுக்கு முதலாளி கிடையாது. சரியாகச் சொன்னால், அங்கே வேலை செய்கிற அநேகமாக அத்தனை பேரும் முதலாளிகள். நர்ஸுகளுக்கும் லேப் டெக்னீஷியன்களுக்கும் புத்தகம் போடுகிற கம்பெனி அது. எடிட்டர் அச்யுத்துக்கு எவ்வளவு பங்கோ, பார்சல் கட்டுகிற எல்லம்மாவுக்கும் அவ்வளவே பங்கு. கன்னடத்தில் சமபாலு என்றால் சம பங்கு. கேட்கிறவர்கள் 'ஆகா, சொர்க்கம்!' என்பார்கள். அவர்களுடைய மாதக் கூட்டத்தில் ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் தெரியும் சொர்க்கத்தின் லட்சணம். எந்த டீத்தூள் வாங்குவது என்று மூன்று கூட்டம் அடித்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்த வாய்க்கு ஒரு காரணம் உண்டு. கம்பெனியை ஆரம்பித்தவர்கள் எல்லாரும் முன்பு ஒரு வெளிநாட்டுப் பதிப்பகத்தின் பெங்களூர் ஆபீஸில் இருந்தவர்கள். ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, சமோசா கொடுத்து, 'எல்லாம் நன்றாகப் போகிறது, கவலையே வேண்டாம்' என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சமோசா நன்றாகத்தான் இருந்தது. அடுத்த மாதம் ஆபீஸுக்குப் பூட்டு விழுந்தது. கைக்கு வந்த செட்டில்மென்ட்டை ஒன்றாகப் போட்டு, நர்ஸிங் புத்தகங்களின் உரிமையை வாங்கி இவர்களே தொழில் தொடங்கியபோது, கணக்கு பார்க்கிற கிளெமென்ட் ஒரே ஒரு விதிதான் கேட்டார். கூட்டத்தில் ஒரு முறையாவது எழுந்து நின்று 'இது வேண்டாம்' என்று சொல்லாத யாரையும் பங்குதாரர் ஆக்கக் கூடாது. அன்றைக்கு ஒரே ஒரு ஆள் எழுந்து ஏன் என்று கேட்டிருக்கலாமே என்கிற ஆற்றாமை அவருக்கு இன்னும் தீரவில்லை.

மற்றவர்களுக்கு அந்த விதி ஒரு பொருட்டே இல்லை. எல்லம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயத்தை வேண்டாம் என்றாள், அதில் ஒன்று அவளுக்குத் தரவிருந்த புது நாற்காலி. மாட்டிக்கொண்டவள் யூனிஸ்தான்.

யூனிஸ் கம்ப்யூட்டரில் புத்தகப் பக்கங்களை அமைப்பவள். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் ஒரே ஒரு நாள் 'முடியாது சார்' என்று சொன்னாள். மறுநாள் காலை அவளுடைய ஐடி கார்டுக்கு வாசல் கதவு திறக்கவில்லை. அப்போதிலிருந்து யார் எதைக் கேட்டாலும் 'சரி'தான். சமபாலுவில் பங்குதாரர் ஆகிவிட்டால் அவளை யாரும் ஒரே ராத்திரியில் வெளியே தள்ள முடியாது. அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். வருஷத்துக்கு ஒரு முறைதான் புதுப் பங்குதாரர்களைச் சேர்ப்பார்கள், எல்லாருடைய கையும் உயர வேண்டும். மூன்று வருஷமாக அவள் பெயர் வரும், 'இன்னும் வாயைத் திறக்கலையே' என்று சிரிப்பார்கள், பெயர் அப்படியே தள்ளிப் போகும்.

தங்கமான பெண் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒரு ஆபீஸே சேர்ந்து ஒருத்தியைத் தங்கம் என்று சொன்னால், எத்தனை பேருடைய வேலை அவள் தலையில் இருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். சாயங்காலம் எல்லாரும் பையைத் தூக்குகிற நேரத்துக்குத்தான் கடைசித் திருத்தங்கள் யூனிஸின் மேசைக்கு வரும். அவள் முடித்துவிட்டு ஈஜிபுராவில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, மகள் மரியா பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு யூனிஃபார்மோடு தூங்கிப் போயிருப்பாள். கணவன் க்ளென்னுக்கு இரவு டூட்டி. பிள்ளையின் ஷூவைக் கழற்றிவிடுவதுதான் யூனிஸுக்கு அன்றைய நாளில் அவளோடு கிடைக்கிற நேரம்.

இந்த வருஷம் சுனிதா ஒரு வழி கண்டுபிடித்தாள். யூனிஸை இங்கே வேலைக்குக் கொண்டுவந்ததே அவள்தான். புத்தகத் தயாரிப்பு முழுக்க அவள் பொறுப்பு. யூனிஸ் மேல் உயிரையே வைத்திருந்தாள்.

"நாளைக்கு மீட்டிங்ல நான் ஒரு டம்மி தீர்மானம் கொண்டு வரேன். ஆறு மணிக்கு மேல பேஜ் செக்ஷனுக்கு யாரும் கரெக்ஷன் குடுக்கக் கூடாதுன்னு. நீ எந்திரிச்சு, 'வேண்டாம்க்கா, அவசரம்னா இருந்து முடிச்சுக் குடுக்கறோம்'னு சொல்லிடு. நான் வாபஸ் வாங்கிக்கறேன். கிளெமென்ட் சாரோட ரூலும் ஆச்சு, உன் பங்கும் ஆச்சு."

"சரிக்கா," என்றாள் யூனிஸ்.

மறுநாள் கூட்டத்தில் சுனிதா சொன்னபடியே தீர்மானத்தைப் படித்தாள். கிளெமென்ட்டைத் தவிர மற்றவர்கள் காதில் விஷயத்தை முன்பே போட்டு வைத்திருந்தாள். அதனால் கம்பெனி சரித்திரத்திலேயே முதல் முறையாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எல்லம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் யூனிஸைப் பார்த்தார்கள்.

யூனிஸ் எழுந்தாள். பஸ்ஸில் வரும்போது நாலைந்து தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம்தான், நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் தான் எதை வேண்டாம் என்று சொல்லப் போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷமாகத் தினம் சாயங்காலம் சொன்னதைத்தான் இப்போது எழுந்து நின்று சொல்லப் போகிறாள். இதற்குப் பெயர் எதிர்ப்பாம். அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"இத எதிர்க்கணும்னுதான் என்கிட்ட சொல்லியிருந்தாங்க. என்னால முடியாது," என்றாள். "இந்தத் தீர்மானம் எனக்கு வேணும்."

"யார் சொன்னாங்க?" என்றார் கிளெமென்ட்.



"நான்தான் சார்," என்றாள் சுனிதா. அவள் முகம் சிவந்துவிட்டது.

அச்யுத் தன் கன்னடம் கலந்த தமிழில் சமாதானத்துக்கு வந்தான். "அய்யோ, அது டம்மிதானே யூனிஸ், சும்மனே சீரியஸா எடுத்துக்காதீங்க. வேணும்னா 'அவசரத்துக்கு மட்டும் விலக்கு'ன்னு ஒரு லைன் சேர்த்துடலாம். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், ஆங்?"

"வேண்டாம்," என்றாள் யூனிஸ்.

அவள் அச்யுத் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"நீங்க இதுவரைக்கும் குடுத்தது எல்லாமே அவசரம்தான் சார். அந்த லைனப் போட்டா இந்த ரூலே தேவையில்ல. அந்த லைன் வேண்டாம்."

அதற்குப் பிறகுதான் கூட்டம் களை கட்டியது. பிரஸ்ஸில் மெஷின் காத்திருந்தால் என்ன செய்வது, பரீட்சை நேரத்தில் புத்தகம் போகாவிட்டால் கல்லூரிகளுக்கு யார் பதில் சொல்வது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முதல் முறையாக யூனிஸைப் பார்த்துக் கத்தினார்கள். அவளும் விடவில்லை. திருத்தத்தை மத்தியானமே கொடுத்தால் மெஷின் ஏன் காத்திருக்கப் போகிறது என்று கேட்டாள். "மூணு வருஷம் கழிச்சு இப்பதான் அந்தப் பொண்ணு பேசுது, அத முடிக்க விடுங்கப்பா!" என்று எல்லம்மா எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினாள். கடைசியில் தீர்மானம் மயிரிழையில் தேறியது.

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யூனிஸப் பங்குதாரரா சேர்த்துக்கலாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. அச்யுத்தும் முணுமுணுத்துக்கொண்டே தூக்கினான். சுனிதாவின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. தன்னை இங்கே கொண்டுவந்தவளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தாயிற்று, இனி எந்த முகத்தோடு அவளிடம் கேட்பது என்று யூனிஸ் நினைத்தாள்.

"எனக்குக் கோவம் இருக்கு சார்," என்றாள் சுனிதா. "நல்லதுன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். என் மானத்த வாங்கிட்டா." பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "இவ உக்காந்து முடிச்ச கரெக்ஷன்ல பாதி என்னுதுதான். அத வெச்சுட்டுப் போய்தான் நான் தினம் என் புள்ளைங்களோட உக்காந்து காபி குடிச்சேன். யாருமே ஒத்துக்க மாட்டாங்கற மாதிரி ஒரு தீர்மானம் யோசிக்கணும்னு உக்காந்தப்ப, எனக்கு முதல்ல தோணினது இவ நேரத்துக்கு வீட்டுக்குப் போறதுதான் சார்."

யூனிஸ் அழுதுவிட்டாள். துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

சுனிதா கையைத் தூக்கினாள். முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது, யூனிஸ் பக்கம் திரும்பவும் இல்லை. கிளெமென்ட் எண்ணி முடித்து, "ஆச்சும்மா, இறக்கு," என்று சொன்ன பிறகும் அவள் கையை இறக்கவில்லை.