தலைகீழாய்க் கட்டிய கம்பிகள்

விழுப்புரம் எஞ்சின் ஷெட்டில் கரி அள்ளிப் போடுகிற ராயப்பன் முப்பது வயதுக்குமேல்தான் எழுத்துப் படித்தான். அந்தச் சூட்டோடு சூடாக ஆர்கன் புத்தகத்தில் ஐந்து கோட்டில் புள்ளி வைத்து எழுதுகிற சங்கீதத்தையும் படித்துக்கொண்டான். யுத்தத்துக்குப் போன சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, டிரைவர்கள் விட்டுப்போன நாலு கித்தார் அவனிடமும் கூட்டாளிகளிடமும் இருந்தன.

அந்த வருஷம் திண்டிவனத்து மாதா கோயில் ஆர்கனைக் கரையான் தின்றுவிட்டது. திருவிழாவில் அதில் வாசிக்கிற பழைய ஜெர்மன் சங்கீதத்தை நாலு கித்தாருக்குப் பிரித்து எழுத ராயப்பன் ஒப்புக்கொண்டான்.

"ஜெர்மன்காரன் பாட்டா? போலீசு புடிச்சிக்கினு பூடுவான்ணே," என்றான் கூட்டாளி பச்சைமுத்து.

"அவன் செத்து எரநூறு வருசம் ஆவுதுடா. எங்கேந்து குண்டு போடப் போறான்?"

பத்து விரலும் இரண்டு காலும் சேர்ந்து வாசிப்பதை நாலு பேருக்குப் பிரிப்பது, கறியைக் கூறு போடுகிற மாதிரி. யாருக்கு எது செரிக்கும் என்று தெரிய வேண்டும். மேல்பாட்டை ராயப்பன் தானே எடுத்துக்கொண்டான். நடுப்பாட்டு இரண்டும் பச்சைமுத்துவுக்கும் சவுரிராயனுக்கும். அடிப்பாட்டு தங்கை புருஷன் பூமாலைக்கு.

நாலு பேரில் கெட்டிக்காரன் பூமாலைதான். மேல்பாட்டு எப்போதும் அவனுடையது. ஆனால் ஆறு மாசத்துக்கு முன் வேகனுக்குக் கொக்கி மாட்டும்போது இடது கையில் மூன்று விரல் நசுங்கிப் போயின. அதனால் கம்பியை அழுத்தவே வேண்டாதபடி, மூன்று தடித்த கம்பிகளை வலது கையால் தட்டினாலே போதும் என்கிற மாதிரி பன்னிரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினான் ராயப்பன். கேட்டால் மனசு நோகும் என்று அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒத்திகைக்காகப் பூமாலை வீட்டுக்குப் போனான். கித்தாரை எடுத்துப் பார்த்தால் கம்பிகள் தலைகீழாய்க் கட்டியிருந்தன. தடித்தது இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிசு.

"எந்தக் குருடன் கட்டுனான் இத?"

"எனக்கின்னாண்ணா தெரியும்? அத்த வச்சிக்கினு கொல்லையிலதான் கெடக்குது உம்மச்சான்," என்றாள் தங்கை சவுரியம்மாள்.

எல்லாவற்றையும் அவிழ்த்துச் சரியாகக் கட்டினான். முறுக்கும்போது மெல்லிசுக் கம்பி இரண்டும் அறுந்தன. யுத்த காலத்தில் கம்பி மதராசிலேயே கிடையாது. போகட்டும், பூமாலைக்கு எழுதினதில் அவற்றுக்கு வேலையில்லை.

வேலை முடிந்து வந்த பூமாலை கித்தாரைத் திருப்பிப் பிடித்தான். வலது கை கழுத்துப் பக்கம், இடது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டியும் கம்பிமேல். ஒரு தட்டுத்தான் தட்டினான்.

"யாரு கை வச்சது?"

"நாந்தான் மச்சான். தலகீழா இருந்துச்சி..."

"தலகீழாத்தான் கட்டுனேன். சோத்துக் கையால அழுத்தி அஞ்சி மாசமா பழகிக்கினு வர்றேன். மேல்பாட்டு முக்காவாசி வந்துட்டுது. இன்னிக்கிக் காட்டலாம்னு இருந்தேன்."

ராயப்பன் அறுந்த மெல்லிசுக் கம்பி இரண்டையும் எடுத்து அவன் முன்னால் வைத்தான். பூமாலை அவன் எழுதிவந்த தாளை எடுத்துப் பார்த்தான். கீழே மூன்றே புள்ளிகள், பக்கம் முழுக்க அவையே.

"சுளுவா இருக்குது. எம்புள்ளகூட வாசிக்கும்."

திண்டிவனத்தில் பூமாலை ஒரு தப்பில்லாமல் வாசித்தான். சாமியார் ராயப்பனின் தோளில் தட்டி மெச்சினார். வாசித்த நேரமெல்லாம் பூமாலை தாளைப் பார்க்கவில்லை, ராயப்பனின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யுத்தம் முடிந்து கம்பி கிடைத்தபோது, மேல்பாட்டைப் பூமாலைக்கென்று புதிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனான் ராயப்பன்.

"கை மறந்துபோச்சி மச்சான்," என்றான் பூமாலை, கோபமில்லாமல். "இனிமே ஆவாது. ஏ சவுரி, மச்சானுக்குக் கூழு ஊத்து."

ராயப்பன் கேப்பைக் கூழைக் குடித்து முடித்தான். தாளை அங்கேயே விட்டுவிட்டு வருவதா, எடுத்துக்கொண்டு வருவதா என்றுதான் அவனுக்கு விளங்கவில்லை.