யஹ்யா என்றால் வாழ்வான்

அரபுப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் புத்தகம் ஒன்றை எங்கள் பதிப்பகத்துக்காகத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பெயர், அதன் பொருள், அந்தப் பெயரால் அறியப்பட்ட நாலைந்து பேர். பெயருக்குப் பத்து வரி. முதலாளி ஒரே ஒரு விதி வைத்திருந்தார்.

"உயிரோட இருக்கிற யாரையும் போடாதீங்க. நாளைக்கு அந்த ஆளு ஏதாவது வம்புல மாட்டினா நம்ம புத்தகமும் சேர்ந்து நாறிடும்."

நியாயம்தான். ஆறு வருடமாக இறந்தவர்களையே தேடித் தேடிச் சேர்த்தேன். யார் எப்படிச் செத்தார்கள் என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

அதுதான் வினையாகப் போயிற்று. என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்த என் மனைவி இரண்டு மாடி கீழே, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள்.

குழந்தைப் பிரிவு நர்ஸுக்கு ஒரு பழக்கம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் எந்தக் குழந்தையையும் தொடமாட்டார். பெட்டியில் தொங்கிய அட்டையைக் காட்டி, "என்ன பேர் எழுதட்டும் சார்?" என்றார்.

நான் கீழே போய்க் கேட்டதும் மனைவி யோசிக்கவே இல்லை.

"யஹ்யா. 'வாழ்வான்'னு நீங்கதானே அர்த்தம் எழுதினீங்க. என்னாலதான் போய்க் கூப்பிட முடியல. அவங்களாவது கூப்பிடட்டும்."

அந்தப் பக்கத்தை எழுதியவனுக்கல்லவா தெரியும். அதில் ஒரு நபி, கொல்லப்பட்டார் என்பார்கள். ஓர் அமைச்சர், சிறையில் செத்தார். 'வாழ்வான்' என்று பெயர் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியவர்களையெல்லாம் விட்டுவிட்டவனே நான்தான் என்பது அப்போது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. எனக்குப் பயம், வெறும் பயம்.

"வேற பாக்கலாம்," என்றேன்.

காலித், நிலைத்திருப்பவன். ஸாலிம், நலமாக இருப்பவன். எந்தப் பெயரை எடுத்தாலும் கூடவே ஒரு சாவு வந்து நின்றது. இரண்டு நாள் ஓடிவிட்டது.

"இவரை மட்டும் அஞ்சாம் நம்பர்னு கூப்பிட வேண்டியிருக்கு சார்," என்றார் நர்ஸ். "'அஞ்சாம் நம்பர், ஊசி போடப் போறேன்'னு சொன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் பேர் எடுத்துக் கொடுக்கிறீங்க. பெத்த பிள்ளைக்கு ஒண்ணு கிடைக்கலையா?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் மாடி ஏறும்போது நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே ஐந்தாம் பெட்டியின் விளக்கை அணைத்திருந்தார்கள்.

அலுவலக அறையில் எழுத்தர் படிவத்தை எடுத்தார். "பேர் வைக்கலன்னா 'ஆண் குழந்தை'ன்னு போட்டுக்கலாம் சார்."

"யஹ்யா," என்றேன். இரண்டு நாளாக வாயில் வராதது ஒரு நொடியில் வந்துவிட்டது. அவர் அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

கீழே போனேன். அவளுக்கு யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள். அழுது முடித்த முகத்தோடு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா அவனை என்னன்னு கூப்பிட்டாங்க?"

"யஹ்யான்னு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் பொய் ஒன்றுகூட அவளிடம் செல்லுபடியானதில்லை. இதுவும் ஆகவில்லை.