நூல் கட்டாத போல்ற்

பஸ்ரியன் அண்ணை தன்னுடைய துவக்குகள் எல்லாவற்றையும் விற்கப்போவதாகப் போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். அவரிடம் இருந்த அன்சூட்ஸ் என்ற ஜேர்மன் துவக்கு இனி எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

"சனிக்கிழமை மத்தியானம் வா. முதல் ஆளா நீ வந்து பிடிச்சதை எடு. அதுக்குப் பிறகுதான் கிளப்பிலை உள்ள வெள்ளையளுக்குச் சொல்லுவன்" என்றார்.

பிக்கரிங்கிற்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவே அந்தச் சுடும் கிளப் இருக்கிறது. அங்கே தமிழர் என்று நாங்கள் இரண்டு பேர்தான். நான் ரொறன்ரோவில் லிப்ற் திருத்துகிறவன். அவர் பிளாஸ்ரிக் சாமான்களுக்கு அச்சு வெட்டும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் வேட்டையில் விருப்பம் இல்லை. ஐம்பது மீற்றர் தூரத்தில் ஒரு கடதாசி, அதில் ஒரு சின்ன வட்டம், எல்லா ரவையும் ஒரே ஓட்டையால் போக வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனத்துக்கு இது என்ன விளையாட்டு என்று என் மனைவி துர்க்கா கேட்பாள். அவளுக்கு நான் சொல்லும் பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள அது தேவை.

பெரிய துவக்கின் ரவையில், அடிப்பாகத்தின் நடுவில் ஒரு சின்ன மூடி இருக்கும். ஊசி அதில் குத்தினால் ரவை வெடிக்கும். எங்களுடைய இருபத்திரண்டு ரவையில் அந்த மூடி கிடையாது. பித்தளைக் குழாயின் அடியைச் சுற்றி ஒரு விளிம்பு ஓடும், அதன் உட்பக்கம் கோறை, வெறும் இடம். வெடிமருந்தை ஈரமாக ஒரு துளி விட்டுக் குழாயைச் சுழற்றினால் மருந்து ஓடிப்போய் அந்த விளிம்புக்குள் ஒதுங்கிக்கொள்ளும். பிறகு ஊசி விளிம்பில் எந்த இடத்தை நசித்தாலும் தீப்பற்றும். நசிய வேண்டும் என்பதால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லியது என்பதால் பெரிய அமுக்கத்தைத் தாங்காது. ஆகவே மருந்தும் கொஞ்சம், சத்தமும் கொஞ்சம், தோளில் உதையும் இல்லை. ஒன்றில் இருந்து ஒன்றாக எவ்வளவு அழகாக வருகிறது பாருங்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. உள்ளே ரவை இல்லாதபோது விசையை இழுத்தால் ஊசிக்கு நசிக்க விளிம்பு இருக்காது. அது நேரே போய்க் குழலின் வாய் ஓரத்தில் அடிக்கும். ஒருமுறை அடித்தால் ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்ப அடித்தால் உருக்கில் பள்ளம் விழும். அதனால் இந்த வகைத் துவக்கை நேசிக்கிறவன் வெறும் துவக்கின் விசையை இழுக்கமாட்டான். கிளப்பில் யாராவது புதுப் பெடியன் அப்படிச் செய்தால் பஸ்ரியன் அண்ணை எழுந்து போய், "தம்பி, உன்ரை பல்லிலை சுத்தியலாலை தட்டட்டோ?" என்று ஆங்கிலத்தில் கேட்பார்.

பஸ்ரியன் அண்ணையின் மனைவி ஜோசப்பின் அக்காவின் சட்டத்தையும் சொல்ல வேண்டும். மன்னாரில் அவவின் தமையனைச் சுட்டவன், சுடுவதற்கு முதல் அவவின் கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தவன். துவக்கைக் கதிரையில் சாத்தி வைத்துவிட்டுக் குடித்தவன். கனடாவில் புருசன் முதல் துவக்கை வாங்கிக்கொண்டு வந்தபோது அவ சொன்னது ஒன்றுதான்: "முழுத் துவக்கு என்ரை வீட்டுக்குள்ளை இருக்கப்படாது."

அதற்கு வழி இருந்தது. போல்ற் என்பது ரவையைக் குழலுக்குள் தள்ளி, வாயைப் பூட்டி, ஊசியைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரு உருக்குத் துண்டு. விசையை அமுக்கியபடி பின்னால் இழுத்தால் கையோடு வந்துவிடும். அது இல்லாத துவக்கு வெறும் குழாய். அண்ணை போல்ற் உள்ள துவக்குகளை மட்டுமே வாங்கினார். போல்ற்றுகள் எல்லாம் ஜோசப்பின் அக்காவின் அலுமாரிக்குள், ஒரு மாப்பால் ரின்னில் இருந்தன. அலுமாரியைப் பூட்டித் திறப்பை அவவே வைத்திருந்தா. ஒரு துவக்கின் போல்ற் இன்னொன்றுக்குச் சரிவராது. அதனால் ஒவ்வொரு போல்ற்றின் கைப்பிடியிலும் அவ ஒரு நிற நூல் கட்டினா, அதே நிற நூலைத் துவக்கின் விசையைச் சுற்றியிருக்கும் விசைக் காப்பிலும் கட்டினா. கிளப்புக்குப் போகும் நாளில் அண்ணை நிறத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். "எத்தினை மணிக்கு வருவியள்?" என்று கேட்காமல் அவ கொடுத்ததில்லை.

போன வசந்தத்தில் அவ புற்றுநோயில் போய்விட்டா.

அந்தச் சனிக்கிழமை நான் போனபோது ஈரப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீடு, ஏதோ பிழை என்கிற மாதிரித் துப்புரவாக இருந்தது. குசினி மேசையில் இரண்டு கோப்பை வெறுந்தேத்தண்ணி.

"பால் இல்லையோ அண்ணை?"

"வாங்கேல்லை. ஒராளுக்கு என்னத்துக்குப் பால்? குடி, பால் தேத்தண்ணியிலையே வளந்தவன் மாதிரிக் கதையாதை."

பேஸ்மென்றில் ஒரு நீட்டு மேசை மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதில் பதினொரு துவக்கு வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் அந்த மாப்பால் ரின். அத்தனையையும் ஒன்றாக நான் அதுவரை கண்டதில்லை. குழந்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி ஒன்று ஒன்றாகத் தூக்கினேன்.

செக் நாட்டில் செய்த பிர்னோ, சிவப்பு நூல். அதன் குழல் நுனியில் குறிபார்க்கும் முள்ளுக்கு மேல் ஒரு சின்ன உருக்கு வளையம், வெயில் பட்டு முள் மினுங்கிக் கண்ணை ஏமாற்றாமல் இருக்க. பச்சை நூல் கட்டிய பழைய அமெரிக்கத் துவக்கு ஒன்றில் ரவைகள் மேகசினுக்குப் பதிலாகக் குழலுக்குக் கீழே உள்ள நீட்டுக் குழாய்க்குள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும், பஸ்ஸுக்கு நிற்கிற சனம் மாதிரி. பின்னால் நிற்கிற ரவையின் மூக்கு முன்னால் நிற்பதன் அடி நடுவில் முட்டினாலும் பயமில்லை, மருந்து நடுவில் இல்லையே.

பிறகு அன்சூட்ஸ். நீல நூல். ரின்னுக்குள் இருந்து நீலத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போய் மூடியது.

"அதின்ரை விசை எத்தினை கிராமிலை விடும் தெரியுமோ? நீ நினைச்சாலே காணும்" என்றார்.

"எவ்வளவுக்குத் தாறியள்?"

"கொண்டு போ."

"விசர்க் கதை கதையாதையுங்கோ அண்ணை. விலையைச் சொல்லுங்கோ."

"நீ தாற காசை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது? வாற ஞாயிறு அவவின்ரை ஆண்டுப் பூசை. அதோடை எல்லாம் முடிஞ்சுது. எடு, உனக்குத்தான் எண்டு எப்பவோ நினைச்சு வைச்சனான்."

அன்சூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். வோல்நற் மரம், தடவத் தடவ இன்னும் தடவச் சொல்லும். அப்போதுதான் மேசையின் கடைசியில் கிடந்ததைக் கவனித்தேன். கூயி. ஒன்ராறியோவில் கோபேர்க்கில் செய்தது, ஒரு நேரத்தில் ஒரு ரவைதான் போடலாம், பண்ணை வீடுகளில் கதவுக்குப் பின்னால் நின்ற சாதாரணத் துவக்கு. விசைக் காப்பில் கறுப்பு நூல் இருந்தது. ஆனால் போல்ற் ரின்னுக்குள் இல்லை. துவக்கிலேயே இருந்தது. ஜோசப்பின் அக்கா கட்டிய நூல் போல்ற்றின் கைப்பிடியில் இல்லை.

"உந்தத் துவக்கை விடு," என்றார், நான் கையை நீட்டுமுன். "உது விக்கிறேல்லை."

லிப்ற் வேலையில் ஒரு பழக்கம் எங்களுக்கு. ஒவ்வொரு தளத்துக் கதவிலும் ஒரு தொடுப்பு இருக்கிறது. எல்லாக் கதவும் மூடினால்தான் மின்சாரம் முழுச் சுற்றும் ஓடி லிப்ற் நகரும். சில இடங்களில் யாரோ ஒரு துண்டு வயரை அந்தத் தொடுப்புக்குக் குறுக்கே போட்டிருப்பார்கள். கதவு திறந்திருந்தாலும் லிப்ற் ஓடும். அந்த வயரைக் கண்டால் நாங்கள் வேறு ஒரு பழுதையும் பார்ப்பதில்லை. யார் போட்டது, ஏன் போட்டது என்றுதான் முதலில் கேட்போம்.

அன்சூட்ஸை மேசையில் வைத்தேன். கூயியை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. போல்ற்றைத் திறந்தேன், உள்ளே ரவை இல்லை. போன் வெளிச்சத்தைக் குழலின் வாய்க்குப் பிடித்தேன்.

வாய் ஓரத்தில் ஒரு பள்ளம். ஊசி விழும் அதே இடத்தில், பளபளவென்று. பழைய பள்ளம் என்றால் கறுத்துப் போயிருக்கும். இது புதிது. ஒரு முறை இரண்டு முறையில் விழுகிற ஆழமும் இல்லை.

கூயியில் விசையை இழுக்கமுதல், பின்னால் உள்ள குமிழைக் கையால் இழுத்து வைக்க வேண்டும். தவறுதலாக நடக்காது. ஒவ்வொரு முறையும் ஒருவர் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்காத பாலும், துப்புரவான வீடும், விலை சொல்லாமல் தந்ததும், ஞாயிற்றுக்கிழமைப் பூசையும். ஒரு நிமிசம் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அன்சூட்ஸை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிப் போயிருக்கலாம்.

"அண்ணை, நேராக் கேக்கிறன். உங்களை நீங்களே முடிக்கிற யோசனையோ?"

சிரித்தார். "லிப்ற் பழுதெண்டால் நீ உப்பிடித்தான் கேக்கிறனியோ? 'விழப்போறியோ' எண்டு?"

"லிப்ற் மறுமொழி சொல்லாது. நீங்கள் சொல்லுங்கோ."

"போடா. மனுசரைத் திருத்த வெளிக்கிட்டிட்டார்."

கூயியை நான் கீழே வைக்கவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் ஓடத் தொடங்கி, ஓடி, நின்றது.

"ரவை போடேல்லை," என்றார் கடைசியில், விரிப்பின் ஓரத்தைத் தடவியபடி. "ஒருநாளும் போடேல்லை. சும்மா இழுத்துப் பாத்தனான்."

"பூசை முடியட்டும் எண்டு இருக்கிறியளோ?"

"அவவுக்கு ஆர் பூசை குடுக்கிறது, நான் இல்லாட்டி?"

அதுதான் அவர் ஓம் என்று சொன்ன விதம்.

"அப்ப எனக்கு உது வேணும்," என்றேன். "கூயி."

"உது உள்ளதுக்குள்ளை வடிவில்லாதது. மாட்டுக்குக் கிட்ட நிண்டு சுட்டாலும் படாது."

"பரவாயில்லை."

"விக்கிறேல்லை எண்டனான். காது அடைச்சுப் போச்சோ?"

"அப்ப அன்சூட்ஸும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். போல்ற்றைத் தாங்கோ. எல்லாத்தையும்."

எழும்பிவிட்டார். "என்ரை வீட்டை வந்து என்னட்டைப் பறிக்கப் பாக்கிறியோ? வெளியாலை போ."

போகவில்லை. எனக்குத் தெரிந்ததை விளக்கினேன், வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்? துவக்கை நான் இன்றைக்குக் கொண்டுபோக முடியாது. அவர் என் லைசென்ஸைச் சரிபார்க்கச் சொல்லி அரசாங்கத்திடம் ஒரு எண் வாங்க வேண்டும், அதன் பிறகுதான் கைமாறலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் துவக்கு என்பது விசையும் குழலும் பொருந்தி நிற்கிற அந்த உடல்தான். போல்ற் துவக்கல்ல. அது ஒரு இரும்புத் துண்டு. அதை யாரும் எப்பவும் கொண்டு போகலாம்.

"எனக்குச் சட்டம் படிப்பிக்கிறாய்?"

"ஜோசப்பின் அக்கான்ரை சட்டத்தைத்தான் சொல்லுறன். துவக்கு ஒராளிட்டை, போல்ற் ஒராளிட்டை. அவ இல்லையெண்டாப்போலை சட்டம் மாறாது."

அவருடைய முகத்தை நான் அப்படிக் கண்டதில்லை. அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கூயியை என் கையில் இருந்து பிடுங்கினார். விசையை அமுக்கினார், போல்ற்றை இழுத்தார், ரின்னுக்குள் எறிந்தார். மற்றப் போல்ற்றுகளில் பட்டு மணி மாதிரிச் சத்தம் வந்தது.

"கொண்டு போ. எல்லாத்தையும் கொண்டு போ. ரவைப் பெட்டி மேலை அலுமாரிக்குள்ளை கிடக்கு. அதையும் கொண்டு போ. இனி இஞ்சாலை வராதை."

அன்சூட்ஸில் போட்டிருந்த நீலப் போல்ற்றையும் கழற்றி ரின்னுக்குள் போட்டுவிட்டு, நான் அவருக்கு முன்னால் வைத்தே அவருடைய மகள் ஸ்டெபனிக்குப் போன் அடித்தேன். கிச்சினர் நகரத்தில் இருக்கிறாள். கதையைச் சொன்னேன். பிறகு, "அப்பாட்டைக் குடுங்கோ அங்கிள்" என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். "அப்பா? அப்பா, ஆர் யூ தெயர்? ஐ'ம் கமிங். ஒண்டும் கதைக்க வேண்டாம். ஜஸ்ட் சிற்." அவர் ஒன்றும் கதைக்கவில்லை. இருந்தார்.

அவள் வரும்வரை நாங்கள் குசினியில் இருந்தோம். ஆறிப்போன வெறுந்தேத்தண்ணி இரண்டும் எங்களுக்கு நடுவில். அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டில் போல்ற் தவிர ஆயிரம் சாமான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எடுத்தது குறுக்கே போட்டிருந்த ஒரு வயரை மட்டும்தான். அது ஏன் போடப்பட்டதோ, அந்தக் காரணம் அப்படியே அந்தக் கதிரையில் இருந்தது.

ஸ்டெபனி சப்பாத்தோடு உள்ளே ஓடி வந்தபோது நான் வெளியே வந்தேன்.

ரவைப் பெட்டியைக் காரின் பின்னாலும் ரின்னை முன் சீற்றிலும் வைத்து ஸ்ராட் பண்ணினேன். டிங், டிங் என்று அடிக்கத் தொடங்கியது. சீற்றுக்குள் பாரம் அறியும் ஒரு தகடு இருக்கிறது, அதற்கு ஆள் எது சாமான் எது என்று தெரியாது. பாரம் இருந்தால் ஆள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பெல்ற்றை இழுத்து ரின்னுக்குப் போட்டேன். சத்தம் நின்றது.

யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். பஸ்ரியன் அண்ணை, ஜக்கெற் இல்லாமல், ஈரப் பனிக்குள். பின்னால் வாசலில் ஸ்டெபனி நின்றாள். ரின்னைத் திருப்பிக் கேட்கப்போகிறார் என்று கதவைப் பூட்டினேன். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

என்னைப் பார்க்காமல் ரின்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"நீல நூல். அன்சூட்ஸின்ரை. அதை இழுத்து எடுத்தால் ஸ்பிறிங் இறுகினபடி நிண்டிடும். கைப்பிடியை ஒருக்கால் திருப்பி விடு. இல்லாட்டி ஸ்பிறிங் களைச்சுப் போகும்."

"வீட்டை போய்த் திருப்பி விடுறன் அண்ணை."

"வீட்டை போயில்லை. இப்ப."

பெல்ற்றைக் கழற்றி, மூடியைத் திறந்து, நீலத்தைத் தேடி எடுத்தேன். அவர் பனியில் நனைந்தபடி, நான் சரியாகத் திருப்புகிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.