இடது பக்கத்து ஸ்பீக்கர்

என் மகள் ஜெனிஷா என்னிடம் பேசுவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. காரணம் தெரியாது. கல்லூரியில் கடைசி வருஷம். தினமும் காலையில் ஒத்தக்கடை வீட்டிலிருந்து கல்லூரிக்கு என் காரில்தான் வருவாள். முன்பெல்லாம் முன் சீட்டில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாது. இப்போது காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருகிறாள். வீட்டில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறாள். ஒண்ணுமில்லாததற்கு யாராவது மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒன்று பிடிபட்டது. காரில் பாட்டு சரியில்லை. எனக்கே இடது பக்க ஸ்பீக்கர் செத்துப்போன மாதிரித்தான் இருந்தது. பாட்டு முழுக்க வலது கதவிலிருந்து மட்டும் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளை இதை எப்படிக் கேட்கும்? நல்ல செட் ஒன்று மாட்டிக்கொடுத்தால் இயர்போனைக் கழற்றுவாள், பேச்சும் தானாக வரும் என்று முடிவு கட்டினேன்.

ஆனால் கார் என்னுடையது இல்லை. நான் ஒரு விதை கம்பெனியில் ஏரியா மேனேஜர். கம்பெனி லீசுக்கு எடுத்துக் கொடுத்த வண்டி. சென்னை ஆபீசுக்குப் போன் போட்டேன். புதுசு மாட்டக் கூடாது, கெட்டுப்போயிருந்தால் மாற்றலாம், கெட்டுப்போனது என்று சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்குங்கள் என்றார்கள். சர்வீஸ் சென்டரில் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். நன்றாக இருக்கிறது என்று வேண்டுமானால் எழுதித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவனியாபுரம் காளையிடம் போய்விட்டேன்.

காளை முன்பு திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியவன். இப்போது கார்களுக்கு ஆடியோ மாட்டுகிறான். அவளுக்குப் பிடித்ததை அவளே பார்த்து எடுக்கட்டும் என்று ஜெனிஷாவையும் கூட்டிப்போனேன். வந்தாள். பேசவில்லை.

"ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது காளை. லீசு முடிஞ்சா பழச அப்படியே மாட்டிக் குடுக்கணும்" என்றேன்.

"ஒயரத் தொடவே மாட்டேண்ணே. சொருகுறதுதான்."

நான்கு கதவுகளுக்கும் புது ஸ்பீக்கர் ஏறியது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். வலது கதவு கும்மென்று அடித்தது. இடது பக்கம் பழைய கதைதான்.

"என்னய்யா மாட்டுன? இந்தப் பக்கம் வரவே இல்ல."

காளை இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "அம்புட்டுச் சத்தம் வருதேண்ணே, காது கிழியுது" என்றான். இறங்கி, வலது ஸ்பீக்கரை இடதுக்கும் இடதை வலதுக்கும் மாற்றினான். அப்போதும் எனக்கு இடது பக்கம் வரவில்லை. கம்பெனி, சர்வீஸ் சென்டர், காளை எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கிறுக்கனாக்குகிறார்கள் என்றே நினைத்தேன்.

முன்னால் நின்றிருந்த காளை, "பாப்பா கேக்குதுல்லண்ணே, பதில் சொல்லுங்க" என்றான்.

திரும்பினேன். இடது ஜன்னலில் ஜெனிஷா குனிந்து நின்றிருந்தாள்.

"அது எப்பக் கேட்டுச்சு?"

"ரெண்டு தடவ கேட்டுச்சுண்ணே."

"விடுங்கண்ணே" என்றாள் ஜெனிஷா அவனிடம். "எங்கப்பா கார்ல ஏறுனா அப்படித்தான்."

காளை என்னைப் பார்த்தபடியே என் கதவுப் பக்கம் வந்தான். "அண்ணே, சீட்டுல முட்டி போட்டு, பின்னாடி பாத்துத் திரும்புங்க."

"எதுக்கு?"

"மைக் செட்டு கட்டுறப்ப எங்க வழக்கம் இது. முகத்தக் காட்டி ஒருதடவ கேப்போம், முதுகக் காட்டி ஒருதடவ கேப்போம். அப்பத்தான் கோளாறு எங்கன்னு தெரியும்."

நாற்பத்தெட்டு வயதில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, டிரைவர் சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடியைப் பார்த்தேன். காளை பாட்டைப் போட்டான். இடது கதவு பிளந்து கட்டியது. வலது கதவு செத்துப்போனது. ஒன்றும் விளங்கவில்லை. நேராகத் திரும்பினால் வலது வந்தது, இடது போனது. மறுபடி பின்னால் திரும்பினேன். வண்டியில் எதையும் யாரும் தொடவில்லை. திரும்பியது நான் மட்டும்தான்.

காளை பாட்டை நிறுத்தினான். என் இடது காதோரம் இரண்டு விரல்களைத் தேய்த்தான். "சத்தம் வருதாண்ணே?"

வரவில்லை.

பொங்கல் சமயத்தில் சளி பிடித்து அந்தக் காது இரண்டு நாள் ஊய்ங் என்று இரைந்தது. தானாக நின்றுவிட்டது, விட்டது சனியன் என்று இருந்துவிட்டேன். போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பேன். வீட்டில் எல்லோரும் எதிரே நின்று பேசுகிறார்கள். காரில் மட்டும்தான் அவள் என் இடது பக்கம் இருக்கிறாள்.

"புது ஸ்பீக்கரக் கழட்டிரவாண்ணே?" என்று காளை மெதுவாகக் கேட்டான். தலையாட்டினேன்.

ஜெனிஷா போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். கிளம்பும்போது சாவியை அவளிடம் கொடுத்தேன். அவள் ஓட்ட, முதல் தடவையாக நான் அந்த இடது சீட்டில் உட்கார்ந்தேன். இப்போது அவள் என் வலது பக்கம். எனக்குப் பயமாக இருந்தது.

"கார்ல எங்கிட்ட என்னம்மா கேட்ட? எல்லாத்தையும் சொல்லு."

வில்லாபுரம் தாண்டியதும் சொன்னாள்.

"வக்கீல் படிப்புக்கு மனுப் போடவான்னு கேட்டேன்ப்பா. அம்மா மாப்பிள்ளை பாக்குறதுலயே குறியா இருக்காங்க, அவங்க முன்னாடி கேக்க முடியாது. அதான் கார்ல கேட்டேன். மூணு நாள் கேட்டேன். நீங்க ரோட்டையே பாத்துட்டு வந்தீங்க. இஷ்டமில்லன்னு நெனச்சு விட்டுட்டேன்."

"போடும்மா. இன்னைக்கே போடு."

"போன வெள்ளிக்கிழமையோட தேதி முடிஞ்சுபோச்சுப்பா."

ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது.