திரும்பி வரச் சொன்ன விமானம்

ஐவி பென்ஃபோல்ட் சமைத்துப் போட்ட வீட்டில் யாரும் யாருடைய பேரையும் கேட்கக் கூடாது. பௌர்ணமியை ஒட்டி விருந்தாளிகள் வருவார்கள். நிலா நன்றாகக் காயும் ஓர் இரவில் லைசாண்டர் விமானத்தில் ஏறி, ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த பிரான்ஸுக்கு ரகசிய வேலையாகப் போவார்கள். அதே விமானத்தில் அங்கிருந்து வேறு சிலர் வந்து இறங்குவார்கள். ஊரில் யாராவது கேட்டால், உடம்பு தேறுவதற்காகத் தங்கியிருக்கும் பிரெஞ்சு அதிகாரிகள் என்று சொல்ல வேண்டும். தென் இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ்காரர்கள் ஒன்றும் ஏமாளிகள் இல்லை. ஆனாலும் கசாப்புக்கடைக்காரர் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சூப்புக்கு எலும்பை மட்டும் கூடுதலாகப் போட்டுக் கொடுப்பார்.

லைசாண்டரை முதலில் செய்தது இந்த வேலைக்கு அல்ல. தரைப்படைக்கு மேலே பறந்து எதிரி எங்கே நிற்கிறான் என்று பார்த்துச் சொல்வதற்காகச் செய்தார்கள். ஆடி அசைந்து போகும் அதை ஜெர்மன்காரன் காக்காய் சுடுவதுபோலச் சுட்டுத் தள்ளினான். பெரிய அதிகாரிகள் உதவாது என்று ஓரங்கட்டிய பிறகுதான், இத்தனூண்டு புல்வெளியில்கூட இது இறங்கி ஏறுமே என்று யாருக்கோ புத்தி வந்தது. கறுப்புச் சாயம் பூசி, வயிற்றில் இன்னொரு பெட்ரோல் தொட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு ஏணியை மாட்டினார்கள். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். சண்டை வந்தால் டீ ஃப்ளாஸ்க்கைத்தான் தூக்கி எறிய வேண்டும் என்று பைலட் ஆர்ச்சி லவ்டே அடிக்கடி சொல்லிச் சிரிப்பான்.

அந்த டிசம்பரில் விருந்தாளியாக வந்த ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சமையலறைக்கு வந்து உருளைக்கிழங்கு தோல் சீவுவான், ஐவி முட்டைகோஸ் வேகவைக்கும் அழகைக் கிண்டல் செய்வான். இதைச் சாப்பிட்டுமா நீங்கள் போரில் தோற்காமல் இருக்கிறீர்கள் என்று கேட்டான். ஐவிக்கு அவனைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று. பிள்ளை இல்லாதவள். கணவனும் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால்தான் பிடித்தது என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அவன் நல்லவன், அதனால் பிடித்தது.

கிளம்பும் நாளன்று அவன் விதியை மீறித் தன் மனைவியின் பேரைச் சொன்னான். ஸோலாஞ்ச். பிரான்ஸில் போலீஸ் அவளைத் தேடுகிறது. இவன் இறங்கும் விமானத்தில்தான் அவள் ஏறி வரப்போகிறாள்.

"மூணு நிமிஷம் விமானம் நிக்கும் மேடம். நான் ஏணியில இறங்கணும், அவ ஏறணும். நடுவுல எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு."

"ரெண்டு வருஷம் பாக்காம இருந்துட்டு, ஏணியிலயா பாத்துக்குவீங்க?"

"ஏணி போதும். நீங்க அவளுக்குச் சூடா எதாச்சும் குடுங்க. முட்டைகோஸ் மட்டும் வேணாம்."

போகிறவர்களின் பைகளைத் துழாவுவது ஐவியின் பொறுப்பு. லண்டன் பஸ் டிக்கெட், ஆங்கிலச் சிகரெட் தூள், சட்டையில் தைத்த கடைப் பேர்ச்சீட்டு என்று, இங்கிலாந்திலிருந்து வந்தவன் எனக் காட்டிக்கொடுக்கும் எதுவும் மிஞ்சக் கூடாது. பொத்தானுக்குக்கூட விதி உண்டு. இங்கிலாந்தில் நான்கு ஓட்டைப் பொத்தானைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைப்பார்கள். பிரான்ஸில் இரண்டு நேர்கோடாகத் தைப்பார்கள். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், அவளும் மற்றவர்களுக்குச் சொல்வாள்.

அன்று சாயங்காலம் வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டை மாட்டும்போது ஜெரோமின் பொத்தான் ஒன்று தொங்கியது. ஐவி ஏப்ரனில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அவனை நிற்கவைத்தே தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டாள். அவன் குனிந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுவிட்டுப் போனான். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவும்போதுதான் தன் கை எப்படிப் போயிற்று என்று அவளுக்கு உறைத்தது. பெண்ணாய்ப் பிறந்து ஊசி பிடித்த நாளிலிருந்து போன மாதிரியே குறுக்கே போயிருந்தது.

விமானத்தை அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்த, அந்த வீட்டுப் பொறுப்பதிகாரி கேப்டன் ஹாஸ்கெட்டிடம் ஈரக் கையோடு ஓடினாள். சொல்லலாமா கூடாதா என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கேப்டன் சிரிக்கவில்லை. போன வருஷம் அவர் அனுப்பிய ஒருவன், பிரான்ஸில் காபிக் கடையில், ரேஷனால் பால் கிடைக்காத நாளில் பால் கேட்டு மாட்டிக்கொண்டான். அதிலிருந்து அவருக்குச் சின்ன விஷயம் என்று எதுவும் கிடையாது.

"நிச்சயமாத் தெரியுமா மிசஸ் பென்ஃபோல்ட்?"

"என் கை எனக்குத் தெரியாதா சார்? திரும்பக் கூப்பிடுங்க. நாளைக்கும் நிலா இருக்குல்ல, பிரிச்சுத் தெச்சு அனுப்பிடறேன்."

அவர் விமானத் தளத்துக்குப் போன் போட்டார். லைசாண்டர் அப்போது கடலுக்கு மேலேதான் இருந்தது. ரேடியோவில் சொன்னார்கள், சரி என்று ஆர்ச்சியும் பதில் சொன்னான். ஐவி முழங்காலிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். பிறகு ஜெரோமின் படுக்கையை மறுபடி விரித்து, சுடுநீர்ப் பையை உள்ளே வைத்தாள். வரட்டும், இந்தக் கிழவியின் தையலைப் பற்றி ஒரு மாசத்துக்குக் கிண்டல் செய்வான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடலிலிருந்து மூடுபனி ஏறியது. பேய் மாதிரி வந்தது, கொஞ்ச நேரத்தில் தோட்டத்துக் கேட் தெரியவில்லை. பக்கத்துத் தளங்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. ஆர்ச்சி தளத்தின் விளக்கைத் தேடி மூன்று முறை தாழ வந்து பார்த்தான் என்று பிறகு சொன்னார்கள். நான்காவது முறை மரங்களில் மோதினான். பாதி வழியில் திரும்பி வந்த விமானம், அதனால் தொட்டியில் பெட்ரோல் நிறைய இருந்தது. பற்றிய தீ இரண்டு பேரில் ஒருவரையும் முகம் பார்க்கும்படி விட்டுவைக்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன பனி விடிவதற்குள் கலைந்துவிட்டது.

உங்கள் தவறு இல்லை, கூப்பிட்டது நான் என்று கேப்டன் பலமுறை சொன்னார். பிரான்ஸில் விமானம் இறங்க வேண்டிய வயல் அன்று ஈரமில்லாமல் நன்றாகக் காய்ந்திருந்தது, ஒரு ஜெர்மன்காரனும் பக்கத்தில் இல்லை என்ற செய்தியும் வந்தது. அதை அவர் அவளிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்று அவன் போயிருந்தால் பத்திரமாக இறங்கியிருப்பான், ஸோலாஞ்சைப் பார்த்திருப்பான். ஐவி சமைத்தாள், கழுவினாள், தூங்கவில்லை.

ஸோலாஞ்சுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எதிரி கேட்பான், அவளும் இடிந்து போவாள். விமானம் திரும்பிவிட்டது என்று மட்டும் சேதி போயிற்று. அடுத்த பௌர்ணமியில் அவள் வந்து இறங்கும்போது தளத்திலேயே தான் சொல்லிவிடுவதாகக் கேப்டன் வாக்குக் கொடுத்திருந்தார். இயந்திரக் கோளாறு என்று சொல்வாராம்.

அந்தப் பௌர்ணமி இரவு கழிந்து விடியும் நேரத்தில் கார் வந்தது. ஐவி கதவைத் திறந்தாள். முழங்கால்வரை சேறோடு ஒரு சின்னப் பெண் நின்றாள், அவசர அவசரமாக விரல்களால் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிரிப்பு. பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வார்த்தை வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"மேடம், அவர் தூங்கறாரா? எழுப்பாதீங்க. நான் முதல்ல முகம் கழுவிக்கறேன்."

ஐவி அவளுக்குப் பின்னால் நின்ற கேப்டனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். அத்தனை மைல் காரில் வந்தும் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஐவி அவளை உள்ளே கூட்டிப்போய் அடுப்புப் பக்கம் உட்காரவைத்தாள். சேறு பட்ட அந்த இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு விடியற வரைக்கும் வயல்ல நின்னோம்," என்றாள் ஸோலாஞ்ச். "திரும்பிட்டாருன்னு சேதி வந்ததும் அழுதேன். அப்புறம் நல்லதுதான்னு தோணிச்சு. அவராச்சும் இங்க பத்திரமா இருக்காரே."

இயந்திரக் கோளாறு என்று சொல்ல ஐவிக்கு மனம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பொய்யை வேறு கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள்.

"அவனத் திரும்பக் கூப்பிட வெச்சது நாந்தாம்மா," என்றாள். பொத்தானைச் சொன்னாள், போனைச் சொன்னாள், பனியைச் சொன்னாள், மரங்களைச் சொன்னாள். அழுதுகொண்டே, மூச்சு விடாமல், தன் ஊர்ப் பேச்சில் கடகடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

ஸோலாஞ்ச் கையை உருவிக்கொள்ளவில்லை. அவள் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. யாரோ ஒரு வயதான அம்மாள் எதற்காகவோ இப்படி அழுகிறாளே என்ற பரிவுதான் அதில் இருந்தது.

"மன்னிச்சுக்கங்க மேடம், எனக்குச் சரியாப் புரியல," என்றாள். "இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."