ரெட்டரிக் வகுப்பும் கீழ்க்கட்டளை மனையும்

எழுபத்தொன்றாம் வருடம் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. மாலை வகுப்பில் சேர்ந்தேன். பகலில் பல்லாவரத்தில் மாமாவின் தோல் மண்டியில் வேலை. எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் சட்டையில் மண்டி வாசனை போகாது. அதனால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முன் பெஞ்சில் இருந்த பெண் திரும்பிப் பார்த்து, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த வறுத்த வேர்க்கடலையில் பாதியை என் கையில் கொட்டி, பெயர் கேட்டாள். அப்துல் கஃபார் என்றேன். தன் பெயர் யூனிஸ், பக்கத்தில் இருப்பவர் தன் கணவர் ஏசுதாசன் என்றாள். அன்று முதல் அவர்கள் எனக்கு அண்ணன், அக்கா.

இருவரும் பள்ளி ஆசிரியர்கள். அண்ணன் சேலையூரில் ஆங்கிலம் எடுத்தார். அக்கா சைதாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம். பள்ளி விட்டதும் அவர் சைக்கிளிலும் இவள் மின்சார ரயிலிலும் வந்து சேர்வார்கள். கணவனும் மனைவியுமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதை மற்ற மாணவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் போடும் சண்டையைக் கேட்ட பிறகு இன்னும் ஆர்வமாகப் பார்த்தார்கள்.

சண்டை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். தாம்பரம் ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு வீட்டின் பின்போர்ஷனில் அவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். கீழ்க்கட்டளையில் ஒரு மனை விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பது அண்ணனின் பிடிவாதம். ஏரியும் வயலும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த ஊருக்குப் போவதில்லை என்பது அக்காவின் பிடிவாதம். பேராசிரியர் வரும்வரை பெஞ்சில் இந்த வழக்கு நடக்கும். அவர் உள்ளே வந்ததும் ஒத்திவைக்கப்படும்.

பேராசிரியர் பத்ரிநாராயணன் எங்களுக்கு எடுத்த பாடம், எழுத்தும் ரெட்டரிக்கும். பேசியோ எழுதியோ ஒருவர் மனதைத் தன் பக்கம் திருப்புகிற வித்தை அது. கவிதை, நாடகம் என்ற மற்ற பாடங்களுக்குப் பயந்திருந்த நாங்கள் இது சுலபம் என்று நினைத்துவிட்டோம். நாங்கள் எழுதிய வாக்கியத்தை அவர் சிரிக்காமல் உரக்கப் படித்துக் காட்டுவார். பிறகு, “இதை யார்கிட்ட சொல்றீங்க?” என்று கேட்பார். அவ்வளவுதான். முதல் நாள் நான் பெருமையாக எழுதிக் கொண்டுபோன ஒரு பக்கத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்டார். யாரிடமும் சொல்லவில்லை, அகராதியிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரிந்தது.

இரண்டாம் பருவத்தில் அவர் ஒரு கட்டுரை கொடுத்தார். வாழ்க்கையில் யாரோடாவது உண்மையாகவே ஒரு கருத்து வேறுபாடு இருக்குமல்லவா, அதில் எதிராளியின் பக்கத்தை எடுத்து எழுத வேண்டும். கேலி கூடாது, வேண்டுமென்றே ஓட்டை விடக்கூடாது. எதிராளி படித்துவிட்டு, ‘ஆமாம், இதுதான் என் கட்சி’ என்று அடியில் கையெழுத்துப் போட்டால்தான் மார்க்.

வகுப்பே திரும்பி ஏசுதாசன் அண்ணனையும் யூனிஸ் அக்காவையும் பார்த்தது. பேராசிரியரும் பார்த்தார். அவருக்கும் கீழ்க்கட்டளை விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

அண்ணன் தன் மனைவியின் கட்சியைப் படிக்கக் கிளம்பினார். பள்ளிக்கு ஒருநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் போகும் ரயிலில், அடுத்த பெட்டியில் ஏறினார். ஜன்னல் வழியாகப் பாட்டுக் கேட்டது. பெண்கள் பெட்டியில் அக்காவும் அவளுடைய சர்ச் தோழிகள் சிலரும் கிறிஸ்துமஸ் பாடல்களைக் குரல் பிரித்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பூக்காரிகளும் ஆபீஸ் பெண்களும் தாளம் போட்டார்கள். வீட்டில் அடுப்பும் பள்ளியில் பிள்ளைகளுமாக இருக்கிற தன் மனைவிக்கு நாள் முழுவதிலும் சொந்தமாக இருந்தது அந்த ரயில் நேரம்தான் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. இதை என்னிடம் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

அக்கா வேறு வழியில் போனாள். ஒரு சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போய் மனையைப் பார்த்தாள். பல்லாவரத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. மனைக்குச் சொந்தக்காரர் முனிரத்தினம், ஏரிக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தார். வேப்பமரம், கிணறு, பக்கத்து வயல் எல்லாம் காட்டினார். அக்கா பார்த்துவிட்டு வந்து அன்று சாயங்காலம் தன் கணவரிடம், இந்த இடம் ஏன் வேண்டும் என்று முதல்முறையாகச் சண்டை இல்லாமல் கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் என்றாராம்.

விஷயம் உண்மைதான். அண்ணனுக்கு வெண்கலக் குரல். அடுத்த நாள் எடுக்கப்போகும் பாடத்தை உரக்கப் படித்துப் பார்க்காமல் அவரால் வகுப்புக்குப் போக முடியாது. போர்ஷனில் வாய் திறந்தால் வீட்டுக்காரர் சாம்பசிவன் சுவரைத் தட்டுவார். நான்கு வருடமாக அண்ணன் கிசுகிசுத்துக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்தும் இது தனக்கு உறைக்கவில்லையே என்று அக்கா வருத்தப்பட்டாள்.

கட்டுரை வாசிக்கும் நாள் வந்தது. முதலில் அண்ணன் படித்தார். காலை ரயிலின் ஜன்னல், தோழிகளின் குரல், ஸ்டேஷனை விட்டுத் தள்ளிப்போனால் ஒரு பெண் இழப்பது என்ன என்பதையெல்லாம் அலங்காரம் இல்லாமல் எழுதியிருந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து அவள் படித்தாள். தன் வீட்டிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டு வாழ்கிற ஒரு ஆசிரியரைப் பற்றி எழுதியிருந்தாள்.

பேராசிரியர் இரண்டு கட்டுரைகளையும் மாற்றிக் கொடுத்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் கைதட்டினோம். வழக்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் அவர்களோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.

ரோட்டைத் தாண்டுவதற்குள் அண்ணன் சொன்னார்: “யூனிஸ், நாம இங்கேயே இருந்துடலாம். நீ ரயிலை விடவேண்டாம்.”

“அதெப்படி? கீழ்க்கட்டளைக்குத்தான் போறோம்,” என்றாள் அக்கா. “நீங்க எத்தனை நாளைக்குத்தான் முணுமுணுத்துக்கிட்டே இருப்பீங்க?”

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன்.

ஒருவர் கட்சியை ஒருவர் அத்தனை நன்றாக எழுதியதில், இருவருமே தாங்கள் எழுதியதை நம்பிவிட்டார்கள். அடுத்த நாளிலிருந்து பழைய சண்டை புதுசாக ஆரம்பித்தது. இப்போது அக்காவுக்கு மனை வேண்டும், அண்ணனுக்கு வேண்டாம். இதில் இன்னொரு சிக்கல், யாரும் ஜெயிக்க முடியவில்லை. அக்கா எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அது ஒருகாலத்தில் அவரே சொன்ன காரணம். அவர் எதைச் சொல்லி மறுத்தாலும் அது அவளே சொன்ன மறுப்பு. அதற்கு என்ன பதில் என்பது இருவருக்கும் மனப்பாடம். என்னை நீதிபதியாக்கப் பார்த்தார்கள். பரீட்சை வருகிறது, என்னை விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டேன். பேராசிரியர் காதுக்கும் போயிற்று. தன் இத்தனை வருட சர்வீஸில் இரண்டு கட்டுரையும் இப்படி முழுசாக வேலை செய்து பார்த்ததில்லை என்று அவர் ஸ்டாஃப் ரூமில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம்.

அடுத்த மழைக்காலத்தில் முனிரத்தினம் மண்டிக்கு வந்து என்னைப் பார்த்தார். வேறு ஒரு பார்ட்டி மனையைக் கேட்கிறது, உங்கள் ஆட்கள் முடிவு சொல்லட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூவரும் போனோம். இரவெல்லாம் பெய்து காலையில்தான் விட்டிருந்தது. பாதி வழியிலேயே வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. போய்ப் பார்த்தால் மனை இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. வேப்பமரம் அதன் நடுவில் இருந்தது. இரண்டு வாத்துகள் நிதானமாக நீந்திக்கொண்டிருந்தன.

அண்ணனுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் கையால் காட்டினார்.

அக்கா முனிரத்தினத்தைப் பார்த்து, எப்போதும் இப்படித்தானா என்று கேட்டாள்.

“பொய் சொல்ல மாட்டேம்மா. பெரு மழைன்னா தண்ணி வரும். ஏரி கீதில்ல, வராம இன்னா பண்ணும்? நாலு நாளு நின்னுகினு இருக்கும், அப்பால வடிஞ்சிடும்.”

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கி மரம்வரை நடந்தாள். வாத்துகள் ஒதுங்கி வழி விட்டன. மரத்தில் கை வைத்து ஏரிப் பக்கம் பார்த்தபடி நின்றாள். அண்ணன் அவள் விழுந்துவிடுவாளோ என்று பின்னாலேயே போனார். நானும் போனேன். இனி என்ன வாதம் வரப்போகிறதோ என்று காத்திருந்தோம்.

“என்கிட்ட இருந்த காரணமெல்லாம் தீர்ந்துபோச்சுங்க,” என்றாள் அக்கா. “எனக்கு இங்க இருக்கணும்னு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்.”

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பதில் அவர் எழுதிய கட்டுரையிலும் இல்லை, அவள் எழுதியதிலும் இல்லை. தலையைச் சொறிந்தார். பிறகு கரையில் நின்ற முனிரத்தினத்தைப் பார்த்து, அந்த ஏரியே கேட்கிற மாதிரி, எவ்வளவு உயரம் மண் கொட்டினால் வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று கேட்டார். வாத்துகள் பறந்தன.

மறு வருடம் உயரமான அஸ்திவாரத்தில் இரண்டு அறை வீடு எழும்பியது. எழுத்துப் பாடத்தில் அக்கா அண்ணனைவிட அதிக மார்க் வாங்கினாள். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதை அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். காலையில் அவளைச் சைக்கிளில் பல்லாவரம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு, சேலையூருக்கு மிதித்துப் போவார். தோழிகள் தாம்பரத்திலேயே இடம் பிடித்து வைத்துக்கொண்டு வருவார்கள்.

புதுவீட்டு ஜெபத்துக்கு எங்கள் வகுப்பு முழுவதும் போனது. போதகர் ஜெபம் நீண்டுகொண்டே போக, பின்னால் இருந்த பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பிரியாணிக்குப் பொறுப்பு என் அம்மா நூர் பீவி. முதல்நாளே பெரிய தேக்சாவோடு வந்து இறங்கி, யூனிஸ் அக்காவை அடுப்பங்கரைப் பக்கம் வர விடவில்லை. பத்ரிநாராயணன் சாருக்காகத் தனியாக எலுமிச்சைச் சாதமும் தயிரும். அவர் ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் இலை போட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை சாதம் கேட்டார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஊறுகாயும் கொண்டுபோய் வைத்தாள்.