கூட்டத்தில் கிடைத்தவள்

அப்போது நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். பகலெல்லாம் அடுத்தவர் மூக்கில் பிரேம் மாட்டிச் சரிபார்ப்பது. சாயங்காலமானால் நூலக மாடியில் நடக்கும் புத்தக வெளியீட்டுக் கூட்டங்களுக்கு ஓடுவது. பதிப்பாளர் யாரையாவது தெரிந்துகொண்டால் என் கதைகளுக்கு விடிவு வரும் என்று நம்பியிருந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கைதட்டிவிட்டு, பேசாமல் திரும்பிவிடுவேன்.

"அங்க போயும் ஊமையா உக்காந்திருந்தா, நீ எழுதுறவள்னு அவங்களுக்குக் கனவுலயா தெரியும்?" என்பாள் அக்கா. அவள் வீட்டில்தான் தங்கியிருந்தேன்.

ஒருநாள் துணிந்துவிட்டேன். பெரிய பதிப்பாளர் ஒருவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தை மனசுக்குள் உருட்டிக்கொண்டே, கூட்டத்தை விலக்கி அவர் முன்னால் போய் நின்றேன். அவர் பேச்சை நிறுத்தாமல், காலிக் கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற நெட்டையான பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திணறினாள்.

"கோவிச்சுக்காத. போன கூட்டத்துல எங்கிட்ட பிஸ்கட் தட்டையே குடுத்தாரு. நீயும் எழுதுறியா?"

"ஆமா. நீ?"

"எழுதுறேன். யாரும் படிக்கத்தான் மாட்டேங்குறாங்க."

அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் பேச ஆரம்பித்து, வந்த பஸ்ஸையெல்லாம் விட்டோம். அதற்கப்புறம் கூட்டங்களுக்குப் போனதே அவளைப் பார்க்கத்தான். நெட்டை என்றுதான் கூப்பிடுவேன். என் கதையை அவளும் அவள் கதையை நானும் படித்தோம். அவளுக்குத் தாட்சண்யமே கிடையாது.

"இந்த ரெண்டு பக்கத்தைத் தூக்கிடு. உன் கதை மூணாம் பக்கத்துலதான் கண்ணு முழிக்குது."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த நாள் அவள் சொன்னபடியே வெட்டுவேன்.

பிறகு அவளுக்கு ஒரு பத்திரிகையில் பிழை திருத்தும் வேலை கிடைத்தது. "சிபாரிசு எல்லாம் பண்ண மாட்டேன். உன் கதையை ஆசிரியர் மேசைல வைப்பேன், அவ்வளவுதான்," என்றாள். முதல் கதை திரும்பி வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதை ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

அது அச்சான அன்று, மை வாசனை போகாத இதழோடு கடைக்கே வந்துவிட்டாள். நான் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன். படித்துப் பார்க்கக் கொடுக்கும் அட்டையை நகர்த்திவிட்டு, இதழை விரித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதைப் படிச்சுப் பாருங்க ஐயா."

அவர் முதல் வரியை வாய்விட்டுப் படித்தார். என் வரி.

"எழுத்து எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நெட்டை.

"நல்லா இருக்கும்மா. தெளிவா இருக்கு," என்றவர் அதோடு நிறுத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிவரை படித்தார். முதலாளி கல்லாவிலிருந்து முறைத்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கொஞ்சம் நீளம்," என்று சொல்லிவிட்டுப் பெரியவர் எழுந்து போனார்.

அந்தக் கதையைப் படித்துவிட்டுத்தான் ஒரு சின்னப் பதிப்பகம் என்னைத் தேடி வந்தது. இன்றைக்குப் பதிப்பாளர்கள் பலருக்கு என்னைத் தெரியும். நெட்டை எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டாள். வேறு ஊரில், பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். ஏன் விட்டாய் என்று ஒருமுறை போனில் கேட்டேன்.

"படிக்கிறதுலதான்டி எனக்கு ருசி," என்றாள்.

நான் முழுசாக நம்பவில்லை. எங்களை யாருக்கும் தெரியாத அந்தச் சாயங்காலங்களில் அவள் வாசித்துக் காட்டிய மீன்தொட்டிக் கதை ஒன்று எனக்கு இன்னும் வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. அது அச்சில் வரவே இல்லை.